தக்கை மரம் கற்றுத்தரும் கணக்கு

தக்கை என்றதும் நம்ம ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தக்கைப்பூண்டுதான். நடவுக்கு முன்னால் விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து. அடுத்தது தூண்டிலில் கட்டுகிற தக்கை. இப்போது மூன்றாவதாக ஒரு தக்கை நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. தரையில் ஒட்டுகிற தக்கை. கடையில் 'கார்க்' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

என் தங்கச்சி மகன் கோயம்புத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் தோட்டத்துக்கு வந்தவன் பையிலிருந்து ஒரு சதுரத் துண்டை எடுத்து நீட்டினான்.

"மாமா, இது கார்க். மரத்தை வெட்டாமலே பட்டையை மட்டும் உரிச்சு எடுக்கிறாங்க. நீங்க சொல்ற இயற்கைக்கு ஏத்த தரை இதுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேற. டைல்ஸ்ல நடந்தா கால் சில்லுனு ஆயிடுதுங்கிறாங்க. வீடு முழுக்க இதையே போட்டுடலாமா?"

கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. அழுத்தினால் அமுங்கி மறுபடி எழுகிறது. நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை வைத்து யார் எதை விற்க வந்தாலும், பொருளைப் பார்ப்பதற்கு முன் அது விளைகிற நிலத்தைப் பார் என்பது நம் இயக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆகவே உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் படித்தேன். படித்ததில் தரையைவிட மரத்தின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை உங்களோடு பேசத்தான் இந்தக் கட்டுரை.

25 வருசம் காத்திருக்கிற விவசாயி

தக்கை ஓக் மரம் மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்கத்து மரம். போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இருக்கிறது. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. அங்கே சுமார் 7 லட்சம் எக்டேரில் இந்த மரம் நிற்கிறது. பெரும்பகுதி தெற்கே அலென்டேஜோ என்ற வறண்ட பகுதியில்.

கன்று வைத்தால் முதல் பட்டை உரிக்க சுமார் 25 ஆண்டு ஆகும். நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டர் வரும் வரை தொடக்கூடாது. முதல் பட்டை கரடுமுரடாக இருக்கும். அதில் புட்டித் தக்கை செய்ய முடியாது. பிறகு குறைந்தது 9 ஆண்டு இடைவெளி விட வேண்டும், சட்டமே அப்படி. இரண்டாவது பட்டையும் சுமார்தான். மூன்றாவது உரிப்பில்தான், அதாவது மரத்துக்கு 40 வயது தாண்டிய பிறகு, நல்ல விலைக்குப் போகிற பட்டை கிடைக்கும். அதற்குப் பிறகு மரம் 200 வயது வரைகூட இருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். அகுவாஸ் டி மோரா என்ற ஊரில் 1783-ல் நட்ட ஒரு மரம் இருக்கிறது. 2009-ல் உரித்தபோது அந்த ஒரே மரத்தில் 825 கிலோ பட்டை கிடைத்தது. 2018-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் மரம்' என்ற பட்டமும் அதற்குத்தான்.

உரிப்பது கோடையில், மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அப்போதுதான் பட்டை உள்மரத்திலிருந்து இளகி வரும். கையில் கோடாரி மட்டும்தான். வெட்டு கொஞ்சம் ஆழமாகிவிட்டால் உள்ளே இருக்கிற தாய்ப்பட்டை காயப்படும். அந்த இடத்தில் மறுபடி நல்ல தக்கை வராது. ஆழம் குறைந்தால் பட்டை பெயராது. கோடாரியின் சத்தத்திலேயே ஆழத்தைத் தெரிந்துகொள்கிற ஆட்கள் செய்கிற வேலை. அதனால் அந்த நாட்டு விவசாய வேலைகளில் அதிகக் கூலி உள்ள வேலைகளில் இதுவும் ஒன்று. உரித்து முடித்ததும் மரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஓர் எண் எழுதுவார்கள். 2024-ல் உரித்தால் '4'. அடுத்து 2033-க்கு முன் யாரும் அந்த மரத்தில் கை வைக்க முடியாது. ஒரே ஓர் எண். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற கணக்கு.

மரங்களுக்கு நடுவே நிலம் சும்மா கிடப்பதில்லை. ஆடு, மாடு மேயும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை உதிரும்போது கறுப்புப் பன்றிகளை விடுவார்கள். தேனீப் பெட்டி வைப்பார்கள், காளான் பொறுக்குவார்கள். போர்ச்சுகலில் இதற்கு 'மொன்டாடோ' என்று பெயர். ஸ்பெயினில் 'டெஹேசா'. நம்ம மொழியில் சொன்னால் மரமும் கால்நடையும் சேர்ந்த கலப்புப் பண்ணையம். ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனைக்கும் அந்த நிலம் வாழிடம்.

இதுவரை படித்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும். விற்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் நிறுத்தக்கூடாது.

படத்தில் வராத பக்கம்

1929-ல் போர்ச்சுகல் அரசு 'கோதுமை இயக்கம்' ஒன்றை ஆரம்பித்தது. நாட்டுக்கு வேண்டிய கோதுமையை நாமே விளைவிப்போம் என்று அலென்டேஜோவின் மெல்லிய மண்ணை எல்லாம் உழச் சொன்னார்கள். சில வருசம் விளைச்சல் வந்தது. பிறகு மேல்மண் மழையோடு போய்விட்டது. மண்ணுக்குப் பொருந்தாத பயிரை மேலிருந்து ஆணை போட்டுத் திணித்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதுசா என்ன? பசுமைப் புரட்சிக்கு முன்னாலேயே அவர்கள் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள்.

இன்னொன்று. அந்த அழகான மரக்காடுகள் சிறு விவசாயியின் கையில் இருந்தவை அல்ல. பெரும்பாலும் பெருநில உடைமையாளர்களுக்குச் சொந்தம்; மக்கள் நிலமற்ற கூலிகள். 1974 புரட்சிக்குப் பிறகு, 1975-ல் கூலி விவசாயிகள் 10 லட்சம் எக்டேருக்கு மேல் நிலத்தைக் கைப்பற்றிக் கூட்டுப்பண்ணைகள் அமைத்தார்கள். பின்னால் வந்த அரசுகள் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளர்களிடமே திருப்பிக் கொடுத்தன. 40 வருசம் காத்திருக்க நிலம் கையில் இருக்க வேண்டும், வேறு வருமானமும் இருக்க வேண்டும். இரண்டு ஏக்கர்காரனிடம் போய் 'பொறுமையாக இரு' என்று உபதேசம் செய்ய இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, யூகலிப்டஸ். நம்ம ஊர் தைல மரம்தான். காகிதக்கூழுக்காக நட்டு நட்டு, இன்று போர்ச்சுகலில் அதிகப் பரப்பில் நிற்கிற மரம் அதுதான். தக்கை ஓக்கையே முந்திவிட்டது. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் பைனும் யூகலிப்டஸும் சேர்ந்த காடு எரிந்து 66 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் புதிதாக யூகலிப்டஸ் நடுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. தக்கை ஓக்கின் தடித்த பட்டையோ தீயைத் தாங்கும். எரிந்த மரம் மறுபடி துளிர்க்கும். எது வேகமாகக் காசு தருகிறதோ அது மெதுவாகக் காப்பாற்றுகிறதை விரட்டிவிடும். இது நம்ம மானாவாரி நிலத்திலும் நாம் பார்த்ததுதான்.

மரத்தைக் காப்பது சட்டமா, விலையா?

தக்கை ஓக்கை அனுமதி இல்லாமல் வெட்ட போர்ச்சுகலில் சட்டம் விடாது. 2011-ல் அதைத் தேசிய மரமாகவும் அறிவித்தார்கள். ஆனால் மரம் நிற்பதற்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. தக்கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி ஒயின் புட்டி மூடியில் இருந்து வருகிறது. பிளாஸ்டிக் மூடியும் திருகு மூடியும் அந்தச் சந்தையைப் பிடிக்க ஆரம்பித்தபோது, 2006-ல் உலக இயற்கை நிதியம் ஓர் எச்சரிக்கை விட்டது: தக்கைக்குச் சந்தை போனால் இந்தக் காடுகளும் போகும் என்று. மரத்தை வைத்திருப்பதால் வருமானம் இல்லை என்றால், உடைமையாளர் அதைப் பராமரிக்க மாட்டார். பராமரிக்காத காடு காய்ந்து எரியும். இதுதான் கணக்கு.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம பனைதான் கண்முன் வந்தது. பனை நம் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். ஆனால் செங்கல் சூளைக்குப் போகிற பனையை அந்த அறிவிப்பு மட்டும் நிறுத்துமா? ஏற ஆள் இல்லை. பதநீர் இறக்கினால் மதியத்துக்குள் விற்றாக வேண்டும். கருப்பட்டியில் சர்க்கரையைக் கலந்து பாதி விலைக்கு விற்கிறவனோடு போட்டி. கள்ளுக்கு 1987-லிருந்து தடை. கள் விஷயத்தில் நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை இங்கே தீர்க்க வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஊரில் மரத்தைத் தாங்குவது அயல்மரம் இல்லை, அதே ஊர் திராட்சைக் கொடி. புட்டியும் மூடியும் சேர்ந்து இரண்டு விவசாயத்துக்குச் சோறு போடுகிறது. நம்ம ஊரிலோ மரத்தை வெட்டாதே என்கிறோம், மரத்திலிருந்து வருகிற எதற்கும் நியாயமான விலை வர வழி செய்யாமல் விட்டுவிட்டோம்.

கோடாரி பிடிக்கிற கைக்கு அங்கே நல்ல கூலி. நம்ம பனையேறிக்கு? உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிற ஊராக நாம் இருக்கிறோம். மரத்தைக் கும்பிட்டுவிட்டு, அதில் ஏறுகிறவரைக் கீழே வைத்தால் எந்த மரமும் நிற்காது. இதை அரசாங்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை, நமக்கும் சேர்த்துத்தான்.

சரி, தரைக்கு என்ன போடுவது?

தங்கச்சி மகன் கேள்விக்கு வருகிறேன். தரைக்கு வருகிற தக்கை, பெரும்பாலும் புட்டி மூடி வெட்டியதில் மிஞ்சிய பட்டையும், மூடிக்கு ஆகாத பட்டையும்தான். அதைக் குருணையாக அரைத்து, அழுத்தித் தகடாக்குகிறார்கள். கழிவு வீணாகாமல் காசாகிறது. இது நல்ல விஷயம். ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4 கோடிச் சிற்றறைகள், எல்லாம் காற்று. அதனால்தான் மெத்தென்று இருக்கிறது, சூடும் சத்தமும் ஏறாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'ஃபாலிங்வாட்டர்' வீட்டில் 1930-களிலேயே குளியலறைகளுக்குத் தக்கைத் தரைதான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் குருணையை ஒட்டப் பசை வேண்டும். எந்தப் பசை? மேலே வார்னிஷ் எது? பல கடைத் தகடுகளில் மேல் தோல் மட்டும்தான் தக்கை. அடியில் பசை போட்டு அழுத்திய மரத்தூள் பலகை. பசையே இல்லாமல், நீராவிச் சூட்டில் பட்டையின் சொந்தப் பிசினாலேயே ஒட்டிக்கொள்கிற கறுப்புத் தக்கைப் பலகையும் உண்டு. ஆனால் அது சுவருக்கும் கூரைக்கும் வெப்பத் தடுப்பாகப் போடுவது. ஆகவே வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி மூன்று: முழுத் தக்கையா, மேல் தோல் மட்டுமா? பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கா? எந்தக் காட்டுத் தக்கை, சான்று உண்டா? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் 'இயற்கை' என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள். நம் காய்கறிக்கு வாடிக்கையாளர் கேட்கிற கேள்விதானே இதுவும்.

நான் அவனிடம் சொன்னது இதுதான்.

"பிளாஸ்டிக் விரிப்புக்கும் தக்கைக்கும் நடுவுல எதுன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு தக்கைன்னு சொல்லுவேன். அம்மா ரூமுக்கு மட்டும் போடு. அவளுக்கு அது நிஜமாவே உதவும். மீதி வீட்டுக்கு எதுக்குடா கடல் தாண்டி வரணும்? ஆத்தங்குடிக் கல்லு இருக்கு, கடப்பாக்கல்லு இருக்கு. ரெண்டு தலைமுறைக்கு உழைக்கும், போடுற கூலியும் நம்ம ஆள் கையில போகும்."

ஆத்தங்குடிக் கல்லிலும் சிமென்ட் இருக்கிறது, கடப்பாவும் குவாரியிலிருந்துதான் வருகிறது. குற்றமே இல்லாத தரை எதுவும் இல்லை என்று அவனுக்கும் சொன்னேன். குறைந்த தீங்கு, அதிக ஆயுசு, பக்கத்தில் இருக்கிற கைகளுக்கு வேலை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

தோழர்களே, பொருள் பசுமையாக இருப்பதால் மட்டும் எதுவும் பசுமை ஆகிவிடாது. அந்தப் பொருள் வருகிற நிலம், மரம், அதில் வேலை செய்கிறவர் கூலி, காத்திருக்க முடிகிற வருமானம் இவையெல்லாம் சேர்ந்ததுதான் பசுமை. போர்ச்சுகலில் இருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியது தகடு இல்லை, அந்த வெள்ளை எண். நாம் நடுகிற ஒவ்வொரு மரத்துக்கும் எந்த வருசம் தொடலாம், எதுவரை தொடக்கூடாது என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைக் காப்பாற்றுகிறவனுக்கு வாழ வழி செய்கிற ஒரு விலை.

அடுத்த கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் எல்லையில் இருக்கிற பனையை எண்ணி, ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர், இறக்கும் பதநீரையும் கருப்பட்டியையும் நம் அங்காடிகள் என்ன விலைக்கு எடுக்க முடியும் என்று எழுதிக்கொண்டு வரட்டும். என் ஊர்க் கணக்கை நான் ஆரம்பித்துவிட்டேன். மேற்கு வரப்பில் மட்டும் 43 பனை. ஏறுகிறவர் ஒருவர்தான். அவருக்கு வயது 61.