பூட்டின் மேல் பழி

விமான விபத்து ஒன்றில் கம்ப்யூட்டருக்குக் கடுகளவு சம்பந்தம் இருப்பதாகத் தெரிந்தாலும் போதும், "மனிதன் கையைக் கட்டிப்போட்ட யந்திரமே கொன்றது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது படித்தவர்களிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அவர்கள் தவறாமல் அழைத்துவரும் சாட்சி, 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவின் நனைந்த ஓடுபாதையில் இறங்கிய லுஃப்தான்சாவின் ஏ320 விமானம்.

அவ்வழக்கின் மையத்தில் இருப்பவை ஸ்பாய்லர்கள்; விமானம் தரையைத் தொட்டதும் இறக்கைகளின் மேற்புறத்தில் வரிசையாக எழும்பி நிற்கும் பலகைகள். அவை காற்றை மறித்து வேகத்தைக் குறைப்பதாக ஜன்னலோரத்துப் பிரயாணிகள் எண்ணிக்கொள்வது பாதி உண்மைதான். இறக்கையின் தூக்கும் சக்தியை அழித்து, அதுவரை காற்று சுமந்துவந்த பாரத்தைச் சக்கரங்களின்மேல் இறக்கிவைப்பதே அவற்றின் பிரதான காரியம். தரையைப் பற்றாத சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பிரயோஜனம்?

தரையில் ரட்சிக்கும் இந்தப் பலகைகள் ஆகாயத்தில் திறந்தால் யமனாகிவிடும் என்பதால்தான், தரையிறங்கியதற்குச் சாட்சியம் கிடைத்த பின்னரே திறக்கும் பூட்டாக யந்திரத்தை அமைத்தார்கள். பிரதான சக்கரக் கால்கள் இரண்டின்மேலும் தலா 6.3 டன் அழுந்த வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுழல வேண்டும் என்பது வார்சா விமானத்தின் நிபந்தனை. தமக்குச் சொல்லப்பட்ட குறுக்குக் காற்றை எண்ணி விமானிகள் ஒரு பக்கம் சாய்த்து இறக்க, காற்றோ அதற்குள் திரும்பி முதுகுப்புறமிருந்து தள்ள, வலக்கால் ஊன்றி ஏறத்தாழ ஒன்பது விநாடி கழித்தே இடக்கால் ஊன்றியது. நீர்ப்படலத்தின்மேல் சக்கரங்களும் சரிவரச் சுழலவில்லை. ஓடுபாதை போதாமல் மண்மேட்டில் மோதித் தீப்பற்றிய அவ்விமானத்தில் இருந்த 70 பேரில் இருவர் மாண்டனர்.

யந்திரம் தாமதித்தது மெய்யே. ஆனால் மனிதன் கையில் விட்டிருந்தால் என்று பெருமூச்செறிபவர்கள், அப்படியே விடப்பட்டிருந்த ஒரு விமானத்தின் கதையை ஏனோ நினைப்பதில்லை. 1970 ஜூலை 5 அன்று டொராண்டோவில் இறங்கவிருந்த ஏர் கனடாவின் டிசி-8 விமானத்தில், ஒரே நெம்புகோலை உயர்த்தினால் ஆயத்தம், அதாவது தரையைத் தொட்டதும் பலகைகள் தாமே திறக்கும்; பின்னுக்கு இழுத்தால் உடனே திறப்பு. இடையே தடுக்கும் பூட்டு கிடையாது. ஆயத்தம் செய்யச் சொன்னபோது, அனுபவசாலியான துணை விமானி, தரைக்குச் சுமார் 60 அடி மேலே பலகைகளைத் திறந்தேவிட்டார். உடனே மன்னிப்பும் கேட்டார், பாவம். தரையில் அறைந்து ஓர் எஞ்சினை இழந்து மறுபடி எழும்பிய விமானம், சில நிமிஷங்களுக்குள் வெடித்து வீழ்ந்தது. 109 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கை அவசரப்படும் என்பதற்கு டொராண்டோ என்றால், மறந்துபோகும் என்பதற்கு லிட்டில் ராக். அங்கே 1999 ஜூன் 1 அன்று, புயல்மழையில் இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஸ்பாய்லர்களை ஆயத்தம் செய்யவேயில்லை. தொட்ட பின்னர் கையாலும் இழுக்கவில்லை. பதினொரு பேர் இறந்தனர்.

ஆகவே வார்சாவில் குற்றம், சாட்சியம் கேட்டதில் அன்று, வழுக்கும் ஓடுபாதையில் ஒருக்களித்து இறங்கும் விமானம் உரிய காலத்தில் தர இயலாத சாட்சியத்தைக் கேட்டதில் இருக்கிறது. விபத்துக்குப் பின் லுஃப்தான்சாவின் விமானங்களில் அந்த 6.3 டன் 2 டன்னாகக் குறைக்கப்பட்டது; பூட்டையே பிடுங்கி எறிய எவரும் முன்வரவில்லை.