மலை தாண்டிய வேஷம்

மதுரையிலிருந்து போடி வழியாகக் கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை, போடிமெட்டில் தமிழ்நாட்டை விட்டுவிட்டு பூப்பாறை, சின்னக்கானல் பக்கமாக ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவில் நுழைகிறது. இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களில் தமிழர்கள் ஏராளம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று நடந்த சண்டை கேரளத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் சந்தேகம் முடியவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தைகளோடு மலையிறங்கித் தேனிக்கு ஓடிவந்தார்கள்.

சரியாகப் பத்து வருடங்கள் கழித்து, 2021 டிசம்பரில், அதே சாலையின் ஒரு முனையான மதுரையில் பிறந்த ஒரு நடிகருக்காக மறுமுனையில் இருந்தவர்கள் கண் கலங்கினார்கள். படம் 'மின்னல் முரளி'. நடிகர் குரு சோமசுந்தரம்.

இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பல வருடங்கள் பழகியவர் சோமசுந்தரம். தெருக்கூத்தை நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்த இடம் அது. உடம்பையும் குரலையும் வளைக்கக் கற்றுக்கொடுத்தது, வயிற்றுப் பாட்டுக்கு மட்டும் வழி சொன்னதில்லை. பசுபதியும் கலைராணியும் அங்கிருந்துதான் சினிமாவுக்கு வந்தார்கள்.

2011 ஜூனில் வெளிவந்த தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' அவரை அடையாளம் காட்டியது. வாழ்ந்து கெட்ட குடிகாரத் தந்தை காளையன் வேஷம். படத்துக்கு இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. தியேட்டரில் கூட்டம்தான் இல்லை. 2014-ல் 'ஜிகர்தண்டா'வில் ரவுடிக் கும்பலுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். கதாநாயகனாக 'ஜோக்கர்' வந்தபோது 2016 ஆகிவிட்டது. ஒரு கழிப்பறை கட்டுவதில் நடந்த ஊழலால் மனைவியைச் சுயநினைவற்ற நிலையில் பார்க்க நேர்ந்து, தன்னை இந்திய ஜனாதிபதி என்று அறிவித்துக்கொள்ளும் கிராமத்து மனிதன் மன்னர் மன்னன். பைத்தியம் என்று ஊர் சிரிக்கிறது. அவன் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் வருவதில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

மலையாளப் படங்களில் தமிழன் என்றால் பல காலம் ஓர் அச்சுதான்: வட்டிக்காரன், அடியாள், அல்லது சிரிக்க வைக்க ஒரு 'பாண்டி'. (தமிழ்ப் படங்களில் மலையாள டீக்கடை நாயர் பட்டபாட்டை நினைத்தால் கணக்கு சரியாகிவிடும்.) இயக்குநர் பேசில் ஜோசப் சோமசுந்தரத்துக்குக் கொடுத்த ஷிபு அந்த அச்சில் வார்க்கப்பட்டவன் அல்ல. டீக்கடையில் வேலை செய்பவன், ஊர் ஒதுக்கிவைத்தவன், உஷா என்ற பெண்ணை வாய் திறக்காமல் வருடக்கணக்கில் காதலிப்பவன். நாயகனைத் தாக்கிய அதே மின்னல் அவனையும் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே சக்தி. அவன் வங்கியில் கைவைப்பது அவள் குழந்தையின் ஆபரேஷனுக்காக. ஊர் அவன் இருந்த கடையைக் கொளுத்த, தீயில் போவது உஷா. அதற்குப் பிறகு அவன் வில்லன்.

உஷா தன்னை ஏற்றுக்கொண்டாள் என்று தெரிந்த கணத்தில் சோமசுந்தரத்தின் முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். வசனம் கொஞ்சம்தான்; மிச்சத்தை உடம்பு பேசுகிறது. பட்டறையில் பழகிய வருடங்களின் வட்டி அது. நாயகன் டொவினோ தாமஸைவிட வில்லனைப் பற்றியே ரசிகர்கள் அதிகம் பேசினார்கள். அடுத்தடுத்து மலையாளப் படங்கள் அவரைத் தேடி வந்தன.

ஒரு நடிகர் ஜெயித்ததால் எல்லைத் தகராறு தீர்ந்துவிடாது. சின்னக்கானலில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியும் உயர்ந்துவிடாது. ஆனால் ஊர் ஒதுக்கிய ஒருவனுக்கும் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்டால் அழுகை வரும் என்று மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அரசியல்வாதிகள் பேசித் தீர்க்காத ஊரில் இதுவே பெரிய விஷயம்.