தராசின் இரு தட்டுகள்

1979இல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் நுழைந்தவர் மார்கோட் வால்ஸ்ட்ரோம். ஐரோப்பிய ஒன்றிய ஆணையர், ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஆகிய பொறுப்புகளை வகித்துவிட்டு 2014 அக்டோபரில் வெளியுறவு அமைச்சரானார். அம்மாதம் 30ஆம் தேதியே ஸ்வீடன் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. இஸ்ரேல் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நாம் மகிழ்ந்தோம், அவரைப் பாராட்டினோம்.

அதே வால்ஸ்ட்ரோம், சவூதியில் வலைப்பதிவர் ரைஃப் பதாவிக்கு விதிக்கப்பட்ட கசையடியையும் கண்டித்தார். 2015 மார்ச்சில் கெய்ரோவில் அரபு லீக் கூட்டத்தில் அவர் ஆற்றவிருந்த உரை சவூதியின் எதிர்ப்பால் நின்றுபோனது. சவூதியும் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. இஸ்லாத்தை இழிவுபடுத்தும் நோக்கம் தமக்கில்லை என்று அவர் விளக்கமளித்தார். ஆனாலும், ஸ்வீடன் தொழிலதிபர்கள் எச்சரித்தும், சவூதியுடனான ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

இப்போது நம்மில் பலர் மௌனமானோம். சிலர் அவரை ஏசவும் செய்தோம்.

அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் அரசை விமர்சிப்பது மார்க்கத்தை விமர்சிப்பதாகிவிடாது. பெற்றோருக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு திருக்குர்ஆன் (4:135) கட்டளையிடுவது நமக்குத்தான். காஸாவுக்கு ஒரு தராசு, நமக்குப் பிடித்த ஆட்சியாளர்களுக்கு வேறொரு தராசு என்றிருந்தால், நம் சாட்சியத்தை உலகம் எப்படி நம்பும்?