காப்டன் பாய்காட்

பகிஷ்காரத்தை ஆங்கிலத்தில் 'பாய்காட்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தாது தேடி நிகண்டைப் புரட்ட வேண்டியதில்லை. அது ஒரு துரையின் பெயர்.

அயர்லாந்தில், மேயோ ஜில்லாவில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராயிருந்தவர் காப்டன் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். 1880-இல் விளைச்சல் குன்றவே, குடியானவர்கள் குத்தகையில் காற்பங்கு குறைக்கும்படி கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்குக்கே இணங்கினார். இணங்காத குடிகளை வெளியேற்றக் காப்டன் நோட்டீஸ் அனுப்பினார். உடனே ஊர் அவரைத் தள்ளிவைத்தது. வேலையாட்கள் நின்றார்கள், கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, லாடம் அடிக்க ஆளில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் 1,000 பேர், பட்டாளமும் போலீஸுமாக! 500 பவுன் பெறும் மகசூலுக்கு 10,000 பவுன் செலவென்று அப்போதே கணக்கிட்டார்கள்.

வண்ணானையும் நாவிதனையும் நிறுத்தி ஊர்விலக்குச் செய்யும் வித்தையை நம் கிராமங்கள் வெகுகாலமாக அறியும். ஆனால் இங்கே அது பெரும்பாலும் எளியவன் தலையிலேயே விழுந்தது. ஐரிஷ் குடியானவனோ அதை மேல்நோக்கித் திருப்பினான். 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது அந்நியத் துணியை மறுத்த நம்மவரும் அவ்விதமே செய்தார்கள்.

'ஆஸ்ட்ரஸிஸம்' என்ற பழைய சொல் குடியானவர் நாவில் நுழையாதென்று, ஓமாலி என்ற பாதிரியாரே காப்டனின் பெயரை வினைச்சொல்லாக்கினாராம். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும்கூட அதை எடுத்துக்கொண்டார்கள்.

1880 டிசம்பரில் காப்டன் அயர்லாந்தைவிட்டுப் புறப்பட்டார். மறுவருஷம் அமெரிக்கா சென்றபோது, பாவம், சார்லஸ் கன்னிங்ஹாம் என்று மட்டுமே பெயர் சொல்லிக்கொண்டார்.