கடன் படாதவருக்குக் கடன் இல்லை

உட்துறைமுக வீதியை அண்டி வாழ்பவர்களுக்குக் கடைக் கொப்பி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சீனன்குடா மா ஆலைக்குச் செல்பவரும், கடலுக்குப் போய் வருபவரும் கையிற் காசு வரும் வரையில் அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய் ஆகிய யாவற்றையும் அக்கொப்பியில் எழுதுவித்தே வாங்குவர். கடைக்காரர் கையெழுத்துக் கேட்பதில்லை, பிணையும் கேட்பதில்லை. இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கையில் வீடு என்பது தெரிந்தால் அதுவே போதும். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957-ஆம் ஆண்டு இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன்னரும், கப்பற் பட்டறைத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிந்தது இத்தகைய கொப்பிகளால்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்தக் கொப்பியின் நிழலில் வளர்ந்த பிள்ளை ஒருவர் எம்மிடம் படித்தவர். சென்ற ஆண்டு வேலை அனுமதி பெற்றுக் கனடாவுக்குச் சென்றார். ரொறன்ரோவுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதம் தவறாத சம்பளம். வீட்டு வாடகையும் தவறுவதில்லை. அவர் தம் வங்கியிற் கடனட்டை ஒன்று கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்து, "சேர், நான் ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. அதுதான் குறையாம்" என்றார்.

அன்று மாலையே அவருடைய தாயார் எம் வீட்டுக்கு வந்துவிட்டார். "மாஸ்ரர், என்ர பிள்ளையில என்ன பிழை கண்டினம்?" என்று கேட்டபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. வங்கி மறுத்தது என்றால் மகன் பெயருக்கு ஏதோ இழுக்கு நேர்ந்துவிட்டது என்றே அவர் எண்ணினார். பயணச் செலவுக்காக அவருடைய தாலிக்கொடி ஒழிந்த நகையெல்லாம் அடகிலிருப்பதை நாம் அறிவோம். ஆகவே அவரைத் தேற்றுவதோடு நில்லாமல், இந்த அட்டை விவகாரத்தைச் சிறிது ஆராய்ந்தோம். நம் பிரதேசத்துப் பிள்ளைகள் பலர் இவ்வழியே புறப்படுகின்றமையால் அதனை இங்கே எழுதுகிறோம்.

கனடாவில் ஒருவர் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தும் வரலாற்றை எக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் இரு நிறுவனங்கள் பதிந்து வைக்கின்றன. அவ்வரலாற்றைக் கொண்டு 300 முதல் 900 வரையில் ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. புதிதாக வந்து இறங்கியவருக்குக் குறைந்த புள்ளி என்பதன்று; புள்ளியே இல்லை. பரீட்சையிற் சித்தியடையாமை வேறு, பரீட்சைக்கே தோற்றாமை வேறு அன்றோ? நம் மாணவர் இரண்டாவது வகையினர். இலங்கையிலும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் இருக்கிறது. ஆயினும் இங்கே எழுதப்பட்ட ஏடு சாதாரணமாகக் கடல் கடந்து அங்குள்ள வங்கியாளரின் மேசைக்குச் செல்வதில்லை. திருகோணமலையில் நாணயஸ்தர், ரொறன்ரோவில் முகவரியற்றவர்!

இது புதுமையன்று. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலிருந்த அந்நிய வங்கிகளுக்கு நம்மவர் எவரையும் தெரியாது. ஆகவே அவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அப்பணத்தை ஊராருக்கு வட்டிக்குக் கொடுத்தனர். வங்கிக்கும் செட்டியாருக்கும் இடையே சராப்பு என்றொருவர் இருந்தார். யார் நம்பத்தக்கவர், யார் தள்ளாடுகிறார் என்று அறிந்து சொல்வதும், பிணை நிற்பதும் அவர் தொழில். 1925-ஆம் ஆண்டையொட்டி வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கியபோது, அதன் தாக்கம் ஊர்வரை இறங்கிற்று. பின்னர் 1934-இல் வங்கித்தொழில் பற்றிய ஆணைக்குழு ஆராய்ந்து, 1939-இல் இலங்கை வங்கி பிறந்தது. இன்றைய புள்ளிக் கணக்கு அந்தச் சராப்பின் வேலையைத்தான் செய்கிறது. வேற்றுமை ஒன்றுண்டு: சராப்பிடம் போய் நின்று நம் கதையைச் சொல்லலாம், எண்ணிடம் சொல்ல முடியாது.

(கடனட்டை எக்காலமும் இவ்வளவு பிகு பண்ணியதில்லை. 1958-இல் அமெரிக்க வங்கி ஒன்று கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தாருக்கு, எவரும் கேளாமலே ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்ததாம். கொடுத்துச் சூடுபட்ட பிறகுதான் கேள்வி கேட்கக் கற்றார்கள் போலும்.)

நிற்க. மறுக்கப்பட்டவர் செய்யத்தக்கது யாது? முதலாவது, கோபங்கொண்டு நான்கு வங்கிகளுக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பிக்கலாகாது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் அடையாளம் விட்டுச் செல்லும். புதிதாக வந்தோருக்கெனத் தனித் திட்டம் வைத்திருக்கும் வங்கிகள் அங்கே பல உண்டு. கடவுச்சீட்டு, வேலை அனுமதி, தொழில் வழங்குநரின் கடிதம் ஆகியவற்றுடன் நேரிற் சென்று அத்திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சமூகக் காப்புறுதி எண்ணையும் கேட்கக்கூடும். தற்காலிகத் தொழிலாளரின் எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். அதற்கு முடிவுத் திகதியும் உண்டு. அனுமதியைப் புதுப்பிக்கும்போது இதையும் புதுப்பிக்க மறத்தலாகாது.

அதுவும் கைகூடாவிடின் வைப்புப் பண அட்டை என்று ஒன்றுண்டு. 500 டொலரை ஈடாகக் கட்டினால், பெரும்பாலும் அத்தொகைக்கே செலவு செய்ய இடங்கொடுப்பர். தம் பணத்தைத் தாமே கடன் வாங்குவது வேடிக்கைதான். ஆயினும் மாதந்தோறும் பட்டியல் வந்து, அதனைத் தவணைக்குள் தீர்க்க, வெற்றேட்டில் முதல் வரி எழுதப்படுகிறது. பட்டியலை முழுமையாகத் தீர்ப்பவருக்குப் பொருள் வாங்கிய செலவில் வட்டி இல்லை. அதற்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. எல்லையில் நூற்றுக்கு முப்பதுக்குள் செலவை அடக்குவது நன்று. 500 என்றால் 150 டொலர்.

இனி, எமக்கு மெய்யாகவே அச்சந்தந்த செய்தி. அட்டை கிடைத்ததும் அதிலிருந்து காசாக எடுத்து அனுப்பித் தாயின் நகையை மீட்பதென்று பிள்ளை எண்ணியிருந்தார்! வைப்புப் பண அட்டையில் அது சிறு தொகையே. நாளை எல்லை உயர்ந்தால்? காசாக எடுத்ததற்கு அந்த 21 நாள் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் உண்டு. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது என்றே வைத்துக்கொள்வோம். 1,000 டொலருக்கு மாத வட்டி ஏறத்தாழ 16 டொலர் 67 சதம். குறைந்தபட்சத் தொகை என்று 30 டொலரைக் கட்டினால், முதலிற் கழிவது 13 டொலர் 33 சதம் மட்டுமே. இக்கணக்கை எழுதிக் காட்டியதும் பிள்ளை நெடுநேரம் பேசவில்லை.

வளைகுடாவுக்குச் செல்பவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில், தீராத கடனுக்காகக் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தை நாடினால், நாட்டைவிட்டுப் புறப்படவே தடை பிறப்பிக்கப்படலாம்.

நம் மாணவர் சம்பளத்திலிருந்து பணம் அனுப்பினார். தாயார் வட்டியைக் கட்டி அடகுச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டார். நகை ஏலத்துக்குப் போகவில்லை, கழுத்துக்கும் இன்னும் வரவில்லை. மகன் 500 டொலர் கட்டி அட்டை பெற்று, பனிக்காலச் சப்பாத்து ஒரு சோடி வாங்கியிருக்கிறார். கடைக் கொப்பியில் ஒரு வரியும் பாக்கி விடாத அந்த அம்மையாருக்கு ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருந்தது: கட்டிய 500 டொலர் திரும்பி வருமா? பாக்கி எதுவுமின்றிக் கணக்கை மூடும்போதோ, வங்கி சாதாரண அட்டைக்கு மாற்றிக் கொடுக்கும்போதோ திரும்பி வரும் என்று சொன்னோம். அதை ஒரு துண்டிலே எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சென்றார்.