ரேடியேட்டர் நீரில் ஆயில்: கழுவுமுன் காரணம் காண்க

உழவுக்கு டிராக்டரும் இறைவைக்கு டீசல் எஞ்சினும் வந்துவிட்டபின், மாட்டின் நோவை அறிவது போலவே யந்திரத்தின் நோவை அறிவதும் குடியானவர்க்கு அவசியமாகிவிட்டது. அத்தகைய நோவுகளுள் ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் எஞ்சின் ஆயில் கலந்துவிடுதல். ஆறியிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்குங்கால், பழுப்பு நிறமான கொழகொழப்புப் பசை நீர்மேல் மிதக்குமாயின் அதுவே இதன் அடையாளம். இதைக் கண்டதும் பலர் செய்வது யாதெனில், நீரை வடித்து, மண்ணெண்ணெயோ சோப்புத்தூளோ விட்டு அலசி, புதுநீர் நிரப்பி, மறுநாளே யந்திரத்தை வயலில் இறக்கிவிடுதலாம். இவ்வழக்கம் கைவிடத்தக்கது. கசிவை அடைக்காமல் கழுவுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

எஞ்சினுக்குள் ஆயிலும் நீரும் அருகருகே தனித்தனி வழிகளில் ஓடுகின்றன. ஹெட் கேஸ்கட் பழுதடைந்தாலும், சிலிண்டர் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் கண்டாலும், ஆயில் கூலர் உள்ள எஞ்சின்களில் அக்கூலரின் உட்புறம் அரித்துப் போனாலும் இவ்விரு வழிகளும் ஒன்றுபடுகின்றன. எஞ்சின் ஓடும்பொழுது ஆயிலின் அழுத்தம் சாதாரணமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். நீரின் அழுத்தமோ 1 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆகவே ஆயில் நீருக்குள் புகுகிறது. எஞ்சினை நிறுத்தியவுடன் ஆயிலின் அழுத்தம் அற்றுப்போக, சூடான நீரின் அழுத்தம் சிறிது நேரம் நிற்கும். அவ்வேளையில் நீர் ஆயிலுக்குள் புகவும் கூடும். ஆயில் பார்க்கும் குச்சியில் பால் கலந்தாற்போன்ற வெண்மை தென்பட்டால் அது நேர்ந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். அத்தகைய ஆயில் பேரிங்குகளை விரைவில் தேய்த்துவிடும்; யந்திரத்தை அந்நிலையில் ஒரு மணி நேரமும் ஓட்டுதல் தகாது.

நீரில் கலந்த ஆயில் வேறொரு கெடுதியும் செய்கிறது. வெப்பத்தைக் கடத்தும் சக்தியில் ஆயில் நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. ரேடியேட்டர்க் குழாய்களின் உட்புறத்தில் அது படிந்துவிடின், நீர் நிறைய இருந்தும் எஞ்சின் கொதிக்கும். ரப்பர் ஹோஸ்களும் ஆயில் பட்டு ஊதி இளகிப்போகும்.

பருவம் தவறுமே என்று அஞ்சி, ஹெட்டைக் கழற்றும் வேலையைப் பலர் அறுவடைக்குப் பின்னென்று தள்ளிவைக்கின்றனர். அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு நியாயமானதன்று. கேஸ்கட் மாற்றுவதற்குச் சில நாட்கள் போதும். சூடேறி இறுகிப்போன எஞ்சினோ பருவம் முழுவதையும் விழுங்கிவிடும். மேலும் எப்பொழுதும் ஹெட்டைக் கழற்ற நேருவதில்லை. ஆயில் கூலரைத் தனியே எடுத்துக் காற்றழுத்தத்தால் சோதித்தல் எளிது. அதை முதலில் செய்விக்கலாம். எஞ்சின் ஓடுங்கால் ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுமாயின் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்கவேண்டும். கைதவறி ரேடியேட்டரில் ஆயில் ஊற்றப்பட்டிருந்தால் மாத்திரம் கழுவுதலே போதுமான பரிகாரமாகும்.

கசிவை நீக்கியபின் கழுவும் முறையாவது: எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர், பிளாக் இரண்டின் வடிகுழாய்களையும் திறந்து நீரை ஒரு தொட்டியில் பிடிக்கவேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் சுத்திக்கென விற்கும் திரவத்தையோ நுரை குறைந்த சலவைத்தூளையோ நல்ல நீரில் கரைத்து நிரப்பி, எஞ்சின் சூடேறியபின் 15 அல்லது 20 நிமிஷம் மிதமான வேகத்தில் ஓட்டவேண்டும். பின்னர் நிறுத்தி, கை பொறுக்கும் சூடு வந்ததும் வடிக்கவேண்டும். முற்றிலும் குளிர்ந்துவிடின் பசை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நீர் தெளியும்வரை இவ்வாறே பன்முறை செய்து, இறுதியில் வெறும் நீரால் இருமுறை அலசவேண்டும். ஊதிய ஹோஸ்களை மாற்றி, தெர்மோஸ்டாட்டைச் சோதித்துப் பொருத்தி, உப்புப் படியாத நீருடன் கூலண்ட் கலந்து நிரப்புக. ஆயில் வெளுத்திருந்தால் அதையும் பில்டரையும் மாற்றவேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவோர் புதிய விரிசலுக்குத் தாமே வழி செய்தவராவர்.

மண்ணெண்ணெயும் டீசலும் பசையைக் கரைக்கும் என்பது மெய்யே. ஆனால் அவை ரப்பரை மேலும் கெடுக்கும், சூட்டில் தீப்பற்றவும் கூடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். இக்காலத்து ரேடியேட்டர்களும் ஹெட்டுகளும் பல அலுமினியத்தால் ஆனவை.

இனி, கழுவிய நீர் எங்கே போகிறது என்பது ஊர்ப் பொறுப்பிலுள்ளோர் கவனிக்கவேண்டிய விஷயம். வாய்க்கால் கரையிலும் கிணற்றடியிலும் இவ்வேலை நடப்பது வழக்கமாக இருக்கிறது. ஆயில் நீர்மேல் படலமாய்ப் பரந்து மீன்களுக்கு வேண்டிய காற்றைத் தடுக்கும். பல கூலண்டுகளில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய விஷம். கால்நடைகளும் நாய்களும் அதைக் குடித்து இறக்கக்கூடும். பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. ஆகையால் ஊராட்சிதோறும் நிழலான ஓரிடத்தில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, கழிவு ஆயிலையும் கழுவிய நீரையும் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தல் நலம். ஒரு பீப்பாயின் செலவு பெரிதன்று. கெட்டுப்போன கிணற்றைத் திருத்துவதோ எளிதன்று.

யந்திரம் உடையவர் ஒவ்வொருவரும் காலையில் எஞ்சினை ஓட்டுமுன் ரேடியேட்டர் நீரையும் ஆயில் குச்சியையும் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்வாராக. இரண்டு நிமிஷம் பிடிக்கும் இப்பார்வை, ஒரு பருவத்தின் விளைச்சலையே காப்பாற்றவல்லது.