"ஹராம்" என்ற சொல்லோடு நிறுத்திவிடலாமா?



2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. விருத்தாசலத்தில் நம் வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினோம். "நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்" என்று ஆறுதலும் அடைந்தோம்.

அந்த ஆறுதல் எவ்வளவு உறுதியானது? 'கூல் லிப்' போன்ற புகையிலைப் பொட்டலத்தில் புகை இல்லை, சாராய நெடி இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். மாணவரிடையே அது பரவுவது குறித்து 2024இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

"ஹராம் என்று சொல்லிவிட்டோமே" என்போம். மதுவே ஒரே நாளில் விலக்கப்படவில்லை. அல்பகராவின் 219ஆம் வசனம் அதன் தீமையைப் பயனோடு எடைபோட்டுக் காட்டியது. அந்நிஸாவின் 43ஆம் வசனம் போதையில் தொழுகையை நெருங்குவதை விலக்கியது. அதன் பின்னரே அல்மாயிதாவின் 90ஆம் வசனம் முழுமையாகத் தடுத்தது. நாமோ பதினான்கு வயதுப் பையனிடம் தீர்ப்பை மட்டும் சொல்கிறோம். காரணம் கேட்டால் அதட்டுகிறோம். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிப்பதையும், வளரும் மூளை நிகோடினுக்கு எளிதில் அடிமையாவதையும், புகையிலை ஒதுக்கிய வாயில் புற்று உண்டாவதையும் அவனுக்கு விளக்கிச் சொல்ல மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை.

"அத்தா, சிகரெட் மக்ரூஹ்தானே?" என்றும் அவன் கேட்பான். (ஜுமுஆ முடிந்ததும் எதிர்க்கடையில் நெருப்புக் கேட்பவர்களை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.) ஹராம் என்றே கூறும் ஆலிம்கள் பலர் உண்டு என்று சொல்வோம். ஆனால் அதைச் சொல்லுமுன், நம் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியை என்ன செய்வது என்று நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.